இசட் மதிப்பு மைனஸில் வந்தால் தப்பா?

கேள்வி: பி.காம். படிக்கிறேன். புள்ளியியலில் 62, பொருளியலில் 70 மார்க். வகுப்புச் சராசரி முறையே 50, 74. திட்ட விலக்கம் 8, 5. எனக்கு இசட் மதிப்பு 55.75, 55.2 என்று வருகிறது. தோழிக்கோ பொருளியலில் மைனஸ் வருகிறது. யார் கணக்கு சரி?
- தண்டையார்பேட்டை வாசகி

பதில்: தோழி போட்டதுதான் சரி. இசட் மதிப்பு என்பது உங்கள் மார்க் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் (மார்க்குகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) தள்ளி இருக்கிறது என்பது: மார்க்கில் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். சயன்டிஃபிக் கால்குலேட்டரில் 62 − 50 ÷ 8 என்று ஒரே மூச்சில் தட்டியிருக்கிறீர்கள். அது வகுத்தலைத்தான் முதலில் செய்யும்: 50 ÷ 8 = 6.25, அதை 62-இல் கழித்து 55.75 என்று காட்டிவிட்டது. முதலில் கழித்து, சமக்குறியை அழுத்துங்கள். 12 வரும். பிறகு 8-ஆல் வகுத்தால் 1.5. பொருளியலில் 70 − 74 = −4; 5-ஆல் வகுத்தால் −0.8. மைனஸைப் பார்த்துப் பதற வேண்டாம், சராசரிக்குக் கீழே இருக்கிறீர்கள், அவ்வளவுதான். வகுப்போடு வைத்துப் பார்த்தால் 70-ஐ விட அந்த 62 தான் நல்ல மார்க்.

வினாத்தாளில் திட்ட விலக்கம் தராமல் வேரியன்ஸ் (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) 64 என்று கொடுத்திருந்தால், வர்க்கமூலம் எடுத்த பிறகே வகுக்க வேண்டும். அப்படியே வகுத்து 0.1875 என்று எழுதித்தான் பலர் மார்க்கை விடுகிறார்கள்.

இசட் மதிப்புக்கு நேராக வளைகோட்டின் கீழுள்ள பரப்பைத் தரும் அட்டவணையிலும் கவனம் வேண்டும். 1.5-க்கு நேராகச் சில புத்தகங்களில் 0.4332 இருக்கும், சிலவற்றில் 0.9332. முன்னது சராசரியிலிருந்து அளந்த பரப்பு, பின்னது இடக்கோடியிலிருந்து அளந்தது. அட்டவணைக்கு மேலே உள்ள படத்தில் எந்தப் பகுதிக்கு நிழல் போட்டிருக்கிறது என்று பாருங்கள். "நூற்றுக்கு 93 பேரை விட மேல்" என்று சொல்வதெல்லாம் மார்க்குகள் இயல்நிலைப் பரவலில் (மணி வடிவ வளைகோட்டில்) இருந்தால் மட்டுமே. பாதி வகுப்பு 90-க்கு மேல் வாங்கிய பேப்பருக்கு அது செல்லாது.

கேள்வி: ப்ராஜெக்ட்டுக்காகக் காசிமேட்டில் 5 வஞ்சிரம் எடை போட்டேன்: 3, 4, 5, 6, 7 கிலோ. கால்குலேட்டர் சிக்மா 1.41 என்கிறது, எஸ் 1.58 என்கிறது. எதை எடுக்க? இசட் 3-ஐத் தாண்டினால் அது விதிவிலக்கான மீன் என்பது சரியா?
- ராயபுரம் வாசகர்

பதில்: அந்த 5 மீனைப் பற்றி மட்டும் பேசினால் 1.41. அன்று வந்த மொத்த வஞ்சிரத்துக்கும் அவற்றை மாதிரியாகக் கொண்டால் 1.58, சராசரி 5-லிருந்து ஒவ்வொரு எடைக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டி வந்த 10-ஐ 5-க்குப் பதில் 4-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தது அது. 7 கிலோ மீனுக்கு இசட் 2 ÷ 1.58, அதாவது 1.27.

3 என்ற விதி உங்களுக்கு உதவாது. ஐந்தில் ஒன்று 40 கிலோ இருந்தாலும், எஸ்-ஐ வைத்துப் போட்டால் அதன் இசட் 1.79-ஐத் தாண்டாது. அந்த மீனே சராசரியைத் தன் பக்கம் இழுத்து, திட்ட விலக்கத்தையும் ஊதிப் பெருக்கிவிடும். 3-ஐத் தாண்டக் குறைந்தது 11 மீனாவது வேண்டும். அதுவரை எடைகளை வரிசையாக எழுதிக் கண்ணால் பார்ப்பதே நல்லது.