வே புரோட்டீனைச் சூடாக்கித் தயாரிப்பதால் அமினோ அமிலங்கள் கெட்டுவிடுமா? உடலில் குளூட்டாதயோன் உற்பத்தி குறையுமா?

சீஸ் செய்யும்போது பாலிலிருந்து பிரியும் தண்ணீர்தான் வே; அதிலுள்ள புரதத்தின் பவுடர்தான் வே புரோட்டீன். கிருமிகளைக் கொல்லப் பாலைச் சூடாக்கும் பாஸ்சரைசேஷனில், புரதத்தின் அடிப்படைத் துண்டுகளான அமினோ அமிலங்கள் அழியாது. 'சூடு படாதது' என்று அச்சடித்த டப்பாவுக்கு இரண்டு மடங்கு விலை கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. மதுரையில் ஒரு பால் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். அண்ணா நகரில் ஜிம்முக்குப் போகும் என் அக்கா மகனும் இதையேதான் கேட்டான்.

பாலைப் பாஸ்சரைஸ் செய்வது பெரும்பாலும் 72 டிகிரியில் 15 விநாடி. வே புரதத்தில் அதிகம் இருப்பது பீட்டா லாக்டோகுளோபுலின். புரதம் என்பது மடிந்து கிடக்கும் அமினோ அமிலச் சங்கிலி; 70 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் இதன் மடிப்பு அவிழத் தொடங்கும். அவிழ்ந்தாலும் அதிலுள்ள 162 அமினோ அமிலங்களும் வரிசை மாறாமல் அப்படியே இருக்கும். இன்னும் சொன்னால், சூடு படாத பீட்டா லாக்டோகுளோபுலின் வயிற்றிலுள்ள பெப்சின் என்ற செரிமான நொதிக்கு லேசில் மசியாது; சூடு பட்டதுதான் சீக்கிரம் செரிக்கும்.

செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் குளூட்டாதயோனை நம் செல்கள் குளூட்டமேட், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்களையும் சேர்த்துத் தாங்களே செய்துகொள்கின்றன. மூன்றில் தட்டுப்பாடு வருவது பெரும்பாலும் சிஸ்டீனுக்கு. பாராசிட்டமாலை அளவு மீறி விழுங்கியவர்களுக்கு மருத்துவமனையில் என்-அசிட்டைல் சிஸ்டீன் கொடுப்பது, ஈரலில் தீர்ந்துபோன குளூட்டாதயோனை மீட்கத்தான். பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன். அதில் சிஸ்டீன் மிகக் குறைவு. மீதி 20 சதவீத வே புரதத்தில்தான் அது நிறைய இருக்கிறது.

'சூடு படக்கூடாது' என்ற பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. மான்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் குஸ்தாவோ பூனூஸ் 1980களில் எலிகளுக்கு வே புரதம் கொடுத்து ஆராய்ந்தார். சீரம் ஆல்புமின், லாக்டோஃபெரின் போன்ற, சூட்டில் எளிதில் குலையும் புரதங்களில் உள்ள சிஸ்டீன் பிணைப்புகள் குளூட்டாதயோனுக்கு உதவுகின்றன என்பது அவர் வாதம். மதிக்க வேண்டிய ஆராய்ச்சி. ஆனால் அதை வைத்துக்கொண்டு 'பாஸ்சரைஸ் செய்த வே வீண்' என்பது விற்பவர்கள் பேச்சு. மடிப்பு அவிழ்ந்த புரதத்திலிருந்தும் செரிமானத்தின்போது சிஸ்டீன் கிடைக்கத்தான் செய்யும்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றி. பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையும் லைசினும் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய லைசின் உடம்புக்கு உதவாது. ஜிகர்தண்டாவுக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சும்போது வருகிற பழுப்பு நிறத்தில் இந்த வினைக்குப் பங்கு உண்டு. (ஜிகர்தண்டாவை யாரும் புரதத்துக்காகக் குடிப்பதில்லை, அதை விட்டுவிடுங்கள்.) அரிசியில் லைசின் குறைவு என்பதால், இட்லியும் சோறும் சாப்பிடும் நமக்குப் பாலும் பருப்பும் தரும் லைசின் முக்கியம். காரப் பொருளோடு (அல்கலி) சேர்த்துக் கடுமையாகச் சூடாக்கினால் சிஸ்டீனும் சிதையும், ஆனால் நல்ல தயாரிப்பில் அப்படிச் செய்வதில்லை. வேயைத் துளிகளாகத் தெளித்துப் பவுடராக்கும் ஸ்ப்ரே டிரையரில் உள்ளே போகும் காற்று 160 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆனாலும் துளியிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் பவுடர் அந்தச் சூட்டுக்குப் போகாது.

லைசின் இழப்பு டப்பாவுக்குள்ளும் தொடரும். சித்திரை வைகாசி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே திறந்து வைத்த பவுடர், ஈரமும் சேர்ந்தால், மெல்லப் பழுப்பேறும். கட்டி தட்டி, நிறம் மாறி, காய்ந்த பால் வாசனை வந்தால் வாங்காதீர்கள். டப்பாவைப் பிரித்துச் சில்லறையாக விற்பதையும் வாங்க வேண்டாம். லாக்டோஸ் குறைந்த, 'ஐசொலேட்' என்ற வகைப் பவுடரில் இந்தச் சிக்கல் குறைவு, விலைதான் கூட.

பன்னீர் எடுத்த தண்ணீரைக் குடித்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பன்னீருக்குப் பாலை நன்றாகக் கொதிக்க வைத்துத் திரிப்பதால் வே புரதத்தில் பெரும்பகுதி கேசீனோடு ஒட்டிப் பன்னீரிலேயே தங்கிவிடும். பவுடர் செய்வதற்கு வருவது பெரும்பாலும் சீஸ் ஆலைத் தண்ணீர். வீட்டில் பன்னீர் செய்தால் அந்தத் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையுங்கள், புரதத்துக்குப் பன்னீரைச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எந்தப் புரதப் பவுடரையும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.