ஓ செப்ரெய்ரோ: ஏறுவதைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: ஸ்பெயினில் சந்தியாகோ நடைப்பயணம் போகிறேன். வியாஃப்ராங்காவிலிருந்து ஓ செப்ரெய்ரோ கணவாய்வரை ஒரே நாளில் 28 கி.மீ. என்று வழிகாட்டி நூலில் இருக்கிறது. வயது 58, முழங்கால் அவ்வப்போது வலிக்கும். முடியுமா?

பதில்: நடந்துவிடலாம். ஆனால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 28 கி.மீ. பெரிய தூரமில்லை, ஏற்றத்தில் பெரும்பகுதி கடைசி 8 கி.மீ.யில் குவிந்திருப்பதுதான் தொல்லை. முதல் 20 கி.மீ. வால்கார்சே பள்ளத்தாக்கில், பெரும்பாலும் தார்ச்சாலையோரம். லாஸ் எரெரியாஸ் என்ற ஊரைத் தாண்டியதும் 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்று கணக்கிட்டாலே இரண்டரை மணிக்கு மேல் ஆகிறது. பையோடு மூன்றரை என்று வையுங்கள். அதைச் சோர்ந்த காலோடு பிற்பகல் வெயிலில் செய்வானேன்? எரெரியாஸில் தங்கி, விடிந்ததும் கிளம்புங்கள்.

ஊர் தாண்டியதும் வழி பிரியும். சைக்கிளுக்குத் தார்ச்சாலை, நடப்பவர்களுக்கு இடப்பக்கம் இறங்கி, செஸ்ட்நட் மரங்களுக்கிடையே லா ஃபாபாவுக்கு ஏறும் கல்பாதை. மழை பெய்திருந்தால் சேறும் மாட்டுச்சாணமும் கலந்து கல் வழுக்கும். அன்று கூச்சப்படாமல் தார்ச்சாலையிலேயே போங்கள். லா ஃபாபாவுக்கு மேல் நிழல் குறைவு, காற்று அதிகம். மூடுபனி சட்டென்று இறங்கும். ஜூன் மாதமானாலும் காற்றுத்தடுப்புச் சட்டை பையின் மேலடுக்கில் இருக்கட்டும்.

சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் ஓ செப்ரெய்ரோ. தாழ்ந்த கற்சுவர்மேல் ரை என்ற தானியத்தின் வைக்கோலைக் கூம்பாக வேய்ந்த பயோசா வீடுகளைப் பாருங்கள். ஒரே கூரையின்கீழ் மனிதரும் மாடும் குளிர்காலத்தைக் கழித்த வீடுகள். காளான் வடிவப் பாலாடைக்கட்டியைத் தேன் ஊற்றிச் சாப்பிடுவது இவ்வூர் வழக்கம். அரசு விடுதியில் முன்பதிவு கிடையாது. சமையலறையில் பாத்திரத்தை நம்பிப் போகாதீர்கள்.

இத்தோடு ஏற்றம் முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அடுத்து வரும் பொயோ உச்சி 1,335 மீட்டர். அதற்கு முந்தைய சிறு ஏற்றம் நெட்டுக்குத்தாக இருக்கும். அங்கிருந்து திரியகஸ்தேலா ஊருக்கு ஏறக்குறைய 670 மீட்டர் இறக்கம். உங்கள் முழங்காலுக்கு உண்மையான சோதனை இதுதான். இரண்டு ஊன்றுகோல்களை ஏறும்போது வைத்ததைவிடச் சற்று நீட்டி, சிறு அடியாக வைத்து இறங்குங்கள். வலி தொடங்கினால் திரியகஸ்தேலாவரை இழுக்காமல், வழியில் உள்ள ஃபோன்ஃப்ரியாவிலேயே இரவு தங்கிவிடுங்கள்.