காசு இருக்கைக்கா, தூக்கத்துக்கா? பயணக் கேள்வி-பதில்

கே: மகன் நியூயார்க்கில் இருக்கிறான். எனக்கும் வீட்டுக்காரருக்கும் சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பிரீமியம் எகானமி (சாதா எகானமிக்கும் பிசினஸுக்கும் நடுவில் உள்ள வகுப்பு) போடுவதாகச் சொல்கிறான். சாதா எகானமியே போதாதா? எனக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு.
- ஒரு வாசகி, மதுரை

ப: போதாது அம்மா. அதோடு, சிங்கப்பூரிலிருந்து எங்கும் இறங்காமல் நியூயார்க் போகும் விமானத்தில் சாதா எகானமி என்ற ஒன்றே கிடையாது. ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் என்று அதற்கு நீளமான பெயர். 15,000 கிலோமீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் பறக்க வேண்டும், எரிபொருள் சுமையே பெரிய சுமை என்பதால் ஆட்களைக் குறைத்து 161 இருக்கைகள்தான் வைத்திருக்கிறார்கள்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதா எகானமிதான் வேண்டுமென்றால் பிராங்ஃபர்ட்டில் இறங்கி ஏறும் விமானத்தில் போகலாம். நேரம் இன்னும் கூடும்.

பிரீமியம் எகானமியில் என்ன கிடைக்கும் என்றால், வரிசைக்கு வரிசை இடைவெளி 38 அங்குலம், சாதா எகானமியில் 32. ஆறு அங்குலம் ஒரு சாண்கூட இல்லையே என்று தோன்றும். 18 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் முழங்காலைக் கேட்டால்தான் அதன் அருமை தெரியும். ஆனால் இதை மலிவு விலை பிசினஸ் என்று நினைத்து ஏறாதீர்கள். இருக்கை 8 அங்குலம் பின்னால் சாயும், அவ்வளவுதான், படுக்க முடியாது.

மகனிடம் ஒன்று கேளுங்கள்: சென்னை-சிங்கப்பூர் விமானத்தில் எந்த வகுப்பு? அந்த நாலு மணி நேரத்துக்கு வரும் போயிங் 787-10 போன்ற விமானங்களில் பிசினஸ், எகானமி என்று இரண்டே வகுப்பு. பிரீமியம் டிக்கெட்டாக இருந்தாலும் அதுவரை எகானமியில்தான் உட்கார வேண்டும். பெட்டிக் கணக்கிலும் லாபமில்லை, அமெரிக்கப் பயணத்துக்கு பிரீமியம் எகானமி, சாதா எகானமி இரண்டுக்கும் ஆளுக்கு 23 கிலோவில் 2 பெட்டிதான்.

சக்கர நாற்காலி எந்த வகுப்புக்கும் இலவசம். கூச்சப்படாமல் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள். நியூயார்க் விமானத்தின் பிரீமியம் எகானமியில் கடைசி சில வரிசைகளில் ஜன்னலோரம் ஒற்றை இருக்கை உண்டு. வீட்டுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டு ஏறினால் உதவும்.

கே: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணிப்பெண்கள் நீலம், பச்சை, சிவப்பு என்று வேறு வேறு நிறத்தில் கெபாயா (மலாய்ப் பாணி உடை) அணிகிறார்கள். எந்த நிறம் எந்த கிளாஸுக்கு? பின்னால் இருப்பவர்களை மட்டமாகத்தான் கவனிப்பார்களா?
- ஒரு வாசகர், ஈரோடு

ப: நிறத்துக்கும் கிளாஸுக்கும் சம்பந்தமில்லை, அது அவர்களின் பதவி. நீலம் தொடக்க நிலை, அதற்கு மேல் பச்சை, அப்புறம் சிவப்பு, எல்லாருக்கும் மேலே கத்தரிப்பூ நிறம். ஆக, நீல உடைக்காரர் பிசினஸிலும் பரிமாறுவார், எகானமியிலும் பரிமாறுவார். மரியாதையில் நான் வித்தியாசம் பார்த்ததில்லை. வித்தியாசம் எண்ணிக்கையில் இருக்கிறது: சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏ380 என்ற இரட்டைத் தள விமானத்தில் பிசினஸ் 78 பேர், எகானமி 343 பேர், அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தட்டு நீட்டுகிறவரிடம் நின்று பேச நேரம் ஏது? முன்னால் மேஜைவிரிப்பு போட்டு ஒவ்வொன்றாக வரும், பின்னால் எல்லாம் ஒரே தட்டில் வந்துவிடும்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புறப்பட ஒரு நாள் முன்னதாகவாவது இந்திய சைவ உணவு என்று பதிந்துவிடுங்கள். ஏவிஎம்எல் என்பது அதன் குறி (ஏவிஎம் ஸ்டூடியோவோடு சம்பந்தமில்லை). மற்றவர்களுக்கு முன்பே உங்கள் தட்டு வந்துவிடும், பக்கத்து இருக்கைக்காரர் முறைப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: வாழ்நாளில் ஒரே ஒரு முறை பிசினஸ் கிளாஸில் போக ஆசை. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
- ஒரு வாசகர், கோவை

ப: முதலில் விமானத்தின் மாடலைப் பாருங்கள். ஒரே நிறுவனம், ஒரே வகுப்பு, ஆனால் இருக்கை வேறாக இருக்கும். நீண்ட தூரத்துக்குப் போகும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் போயிங் 777-300இஆரில் நாற்காலி தானாகச் சரிந்து படுக்கையாவதில்லை. எழுந்து நின்று முதுகுப் பகுதியை முன்னால் கவிழ்க்க வேண்டும், பணியாளரைக் கூப்பிட்டால் செய்து தருவார். படுத்தாலும் கால் நேராக நீளாது, ஓரத்துப் பொந்துக்குள் சாய்வாகப் போகும். என்னைப் போல ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குப் பிரச்சினையில்லை, மல்லாந்து படுப்பவர்கள் யோசியுங்கள்.

அப்புறம் நேரம். பகலில் போகும் விமானத்தில் அவ்வளவு காசு கொடுத்துப் படம் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரவு முழுக்கப் பறக்கும் விமானமாகப் பார்த்து வாங்குங்கள். இன்னொரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், ஒருமுறை நான் பிசினஸில் போனபோது இருக்கையின் மோட்டார் வேலை செய்யவில்லை, பாதி சாய்ந்து நின்றுவிட்டது. பணியாளர்கள் பாவம், ஐஸ்கிரீமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து விமானம் புறப்படும் முன்பே எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்த்துவிடுவேன். அப்போதே சொன்னால் இடம் மாற்றிக் கேட்கலாம், மேலே போனபின் கஷ்டம்.

கே: ஏ380-இல் சூட்ஸ் என்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

ப: மேல்தளத்தில் கதவு வைத்த 6 அறைகள். நாற்காலி தனி, கட்டில் தனி. இரண்டு பேராகப் போனால் நடுத் தடுப்பை இறக்கி இரட்டைக் கட்டிலாக்கும் வசதி சில அறைகளில் உண்டு. 6 பேருக்கு 2 குளியலறை. விலையைக் கேட்டுவிட்டு எனக்கும் எழுதுங்கள்.