கட்டில் கம்பியில் கிருமி

கேள்வி: அப்பாவின் ஆபரேஷனுக்காக ஈரோட்டில் தங்கியிருந்தோம். கட்டில் கம்பியைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, கைக்கருவியில் வைத்துப் பார்த்தார்கள். கிருமி அவ்வளவு சீக்கிரம் தெரியுமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அது ஏடிபி மீட்டராக இருக்கும், அம்மிணி. உயிரணுக்களில் உள்ள ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறோடு மின்மினிப்பூச்சியின் லூசிஃபரேஸ் நொதி சேர்ந்தால் ஒளி வரும். ஒளி கூடினால் அழுக்கு அதிகம். சில நொடி வேலைதான். ஆனால் ரத்தக்கறையிலும் சோற்றுப் பருக்கையிலும்கூட ஏடிபி உண்டு. எந்தக் கிருமி என்று அது சொல்லாது.

கோவை ஆய்வகத்தில் இருபது வருடம் தட்டில் கிருமி வளர்த்தவள் நான். முடிவு தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பார். அந்தக் கவலை இன்றும் எனக்கு உண்டு. அதனால்தான் ஆன்டிபாடி (குறிப்பிட்ட கிருமியைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) பூசிய பயோசென்சர் கருவிகளை ஆவலோடு பார்க்கிறேன். தேடும் கிருமி ஒட்டியதும் அதில் மின்சமிக்ஞை மாறும். புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி உலர்ந்த கம்பியிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கம்பியைத் தொட்டபின் கை கழுவிவிட்டு அப்பாவைத் தொடுங்கள், சரியா?