ஜன்னலோர நாற்காலியை முதலில் எடுங்கள்

கேள்வி: ஐந்து வருடமாக லக்சம்பர்க் நகரத்தில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் முதல் முறையாக வெளிநாடு வந்திருக்கிறார்கள். 90 நாள் விசாவில் இன்னும் 26 நாள்தான் பாக்கி. வீட்டு வாடகையும், ஊரில் கட்டிய வீட்டுக்கான தவணையும் போக, மாசக் கடைசியில் கையில் 200 யூரோ நின்றால் பெரிது. பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று ஒன்பது நாள் டூர் ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்து 4,500 யூரோ ஆகும். கடன் வாங்கியாவது கூட்டிப் போகலாம் என்கிறேன். மனைவி கூடவே கூடாது என்கிறாள். ‘ஐரோப்பா போய் என்னத்தைப் பார்த்தீங்க?’ என்று சொந்தக்காரர்கள் கேட்டால் இவர்கள் என்ன சொல்வார்கள்? இது சின்ன ஊர், பார்க்க ஒன்றும் இல்லை, எதற்கெடுத்தாலும் காசு. மொழி தெரியாமல் தொலைந்துபோய்விடுவார்கள் என்று தனியாக வெளியே போக வேண்டாமென்று சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை, பேத்தியைப் பார்த்துக்கொள்கிறார்கள். அப்பாதான் பாவம். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். எங்கள் வீடு ரயில் நிலையத்திலிருந்து அடால்ஃப் பாலத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற டிராமை எண்ணிக்கொண்டிருக்கிறார். கடன் வாங்கலாமா, வேண்டாமா?

— பெயர் வேண்டாம், லக்சம்பர்க்

பதில்: வேண்டாம். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. கேட்டதற்குப் பதில் முடிந்தது, கேட்காததற்கு வருகிறேன்.

தம்பி, உங்கள் கடிதத்தில் பாரிஸ் இருக்கிறது, சுவிட்சர்லாந்து இருக்கிறது, சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அப்பா கடைசியில் வருகிறார், அதுவும் நாற்காலியோடு. நான் அந்த நாற்காலியை விட்டு நகரப் போவதில்லை.

கண்டக்டர் என்று எழுதினீர்கள், எத்தனை வருஷம் என்று எழுதவில்லை. முப்பது என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே ஸ்டேஜ் ஸ்டேஜாகக் கணக்கு எழுதி, சில்லறைக்குச் சண்டை போட்டு, எந்த ஸ்டாப்பில் எந்தப் பாட்டி கூடையோடு ஏறுவார் என்று தெரிந்து விசில் கொடுத்த மனுஷர். அவரைப் பார்த்துத்தான் ‘தொலைந்துபோவீர்கள்’ என்று சொல்லியிருக்கிறீர்கள். சொல்லிவிட்டு, அவர் பொழுதுபோகாமல் டிராமை எண்ணுகிறார் என்று எனக்கு வேறு எழுதுகிறீர்கள்.

அவர் சும்மா எண்ணவில்லை, வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி, எந்த நேரத்தில் கூட்டம், எது காலியாகப் போகிறது, எல்லாம் அவர் மனசில் ஷெட்யூலாக ஓடிக்கொண்டிருக்கும். இன்று ராத்திரி போய்க் கேட்டுப் பாருங்கள். இன்னொன்றும் கேளுங்கள். உங்கள் வீட்டு வாசலில் ஓடும் டிராமுக்கு மேலே மின்கம்பியே கிடையாது, கவனித்தீர்களா? ரயில் நிலையத்திலிருந்து பழைய நகரம் வழியாக ரவுட் பிரெக், அதாவது சிவப்புப் பாலம், வரைக்கும் கம்பி இல்லாமல்தான் அது ஓடுகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்கிற நேரத்தில் கீழிருந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்குப் போகிறது. ஐந்து வருஷத்தில் நீங்கள் கவனித்திருப்பீர்களோ இல்லையோ, அவர் முதல் நாளே கவனித்திருப்பார். ‘எப்படிடா ஓடுது?’ என்று கேட்டும் இருப்பார். நீங்கள் ‘தெரியலப்பா’ என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்திருப்பீர்கள்.

அடுத்த விஷயத்தில்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. ‘எதற்கெடுத்தாலும் காசு’ என்று எழுதியிருக்கிறீர்கள். 2020 பிப்ரவரி 29 முதல் உங்கள் நாடு முழுக்க டிராம், பஸ், ரயில் எதற்குமே டிக்கெட் கிடையாது. ஒரு நாடு முழுவதற்கும் அப்படிச் செய்தது உலகத்திலேயே அதுதான் முதல். ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் காசு உண்டு, அதில் தெரியாமல் ஏறாமல் இருந்தால் போதும். இது உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. கம்பெனி லீசிங் கார் கொடுத்திருக்கும், தேவைப்பட்டிருக்காது. ஆனால் உங்கள் சம்பளத்தில் மாசாமாசம் வரி பிடிக்கிறார்களே, அந்த டிராம் அதில்தான் ஓடுகிறது. அதாவது உங்கள் அப்பாவின் டிக்கெட்டுக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. ஏற்றிவிடத்தான் ஆளில்லை.

நானும் அந்த ஊர் ஜன்னலோரம் உட்கார்ந்தவள். 2023-ல் தங்கை மகள் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். முதல் வாரம் உங்கள் அப்பா மாதிரிதான். இரண்டாவது வாரம் ரோஷம் வந்து, சொல்லாமல் இறங்கிப் போனேன். எதிர்த்திசை பஸ்ஸில் ஏறி ஏதோ ஒரு வயல்காட்டுப் பக்கம் போய் இறங்கினேன். அதனால் என்ன நஷ்டம்? எதிர்ப்பக்கம் போய் நின்று அடுத்த பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட்டே இல்லாத ஊரில் வழிதவறினால் அரைமணி நேரம் போகும், அவ்வளவுதான். வீட்டு விலாசமும் போன் நம்பரும் எழுதிய காகிதம் ஒன்று, சிம் போட்ட போன் ஒன்று. உங்கள் அப்பாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜூன் மாசத்தில் அங்கே ராத்திரி ஒன்பதரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ஆறு மணிக்கு வேலை முடித்தால்கூட முழுசாக மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது. ஆகவே நேரமில்லை என்று எனக்கு மறுகடிதம் போட வேண்டாம்.

முதல் நாள் வேறு எங்கும் போக வேண்டாம். வாசலில் ஏறி ஃபிண்டெல் விமான நிலையம் வரைக்கும் போங்கள். 2025 மார்ச்சிலிருந்து டிராம் அங்கே வரைக்கும் போகிறது. அப்புறம் அங்கிருந்து இந்தக் கோடிக்கு, ஸ்டேடியம் வரைக்கும். மொத்தத் தடமே 16 கிலோமீட்டர்தான். ஒரு கண்டக்டருக்கு ஊரைக் காட்டுவதென்றால் முதலில் ரூட்டைக் காட்ட வேண்டும்.

மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ரவுட் பிரெக்கில் இறங்குங்கள். அங்கேயே மலைச்சரிவில் இறங்கும் ஒரு குட்டி ரயில் இருக்கிறது, அதற்கும் காசில்லை. இறங்கினால் பாஃபெண்டால் பள்ளத்தாக்கு. ஆற்றைத் தாண்டி மெதுவாகக் கொஞ்ச தூரம் நடந்தால், பாறையை ஒட்டி நிற்கும் கண்ணாடி லிஃப்ட். 71 மீட்டர் உயரம், பழைய நகரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். முழங்கால் வலி இருந்தாலும் மலை ஏறாமல் மலையைப் பார்த்துவிடலாம். 1867-ல் ஐரோப்பிய நாடுகள் லண்டனில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இடித்த கோட்டையின் மிச்சம் அந்தப் பாறையெல்லாம். ஒரு காலத்தில் ஐரோப்பாவே கண் வைத்திருந்த கோட்டை. கோர்னிஷ் என்ற அந்த மதில்மேல் பாதையில் நடக்கவும் யாரும் காசு கேட்கமாட்டார்கள். மழை வந்தால் மீன் சந்தைச் சதுக்கத்தில் தேசிய மியூசியம் இருக்கிறது. நிரந்தரக் காட்சிக்கு அனுமதி இலவசம், திங்கட்கிழமை மட்டும் லீவு. ரோமானியர் காலத்து மொசைக் தரை ஒன்றை அங்கே பெயர்த்து வைத்திருக்கிறார்கள். அம்மாவை அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். தினமும் வாசலில் கோலம் போட்ட கை, அதற்கு நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வயசானவர்களோடு போகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி: கிர்ஷ்பெர்க்கில் டிராம் நிறுத்தத்தை ஒட்டியே தேசிய நூலகம் இருக்கிறது. உள்ளே போகக் காசில்லை, உட்கார இடமும் கழிப்பறையும் உண்டு. டூர் விளம்பரத்தில் இதையெல்லாம் போடமாட்டார்கள்.

அம்மா என்றதும் நினைவு வருகிறது. ‘அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை’ என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். கேட்டீர்களா? 64 நாளாக ஒரு பெண் வெளிநாட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருக்கிறார். நானும் பாட்டிதான், பேத்தியைத் தூக்கி வைத்திருப்பது சந்தோஷம்தான். ஆனால் பாட்டியாக வந்தவரை ஆயாவாக ஆக்கிவிட்டு, சம்பளத்துக்குப் பதில் ஐஃபில் டவர் காட்டுகிறேன் என்பது பிள்ளைக்கு அழகில்லை. வாரத்தில் இரண்டு நாள் குழந்தை உங்கள் பொறுப்பு. உங்கள் மனைவியின் பொறுப்பு என்று எழுதவில்லை, திரும்பப் படியுங்கள்.

சொந்தக்காரர்கள் விஷயம். அப்பா அம்மா பாஸ்போர்ட்டில் ஒட்டியிருப்பது ஷெங்கன் விசா. அந்த ஷெங்கன் ஒரு கிராமத்தின் பெயர், அது உங்கள் நாட்டில்தான் இருக்கிறது. மோசெல் ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாட்டுக்காரர்கள் அங்கே ஒரு படகில் உட்கார்ந்துதான், தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிடுவது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பஸ் மாறிப் போகலாம், அதற்கும் டிக்கெட் இல்லை. எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரையில் சாப்பிடுங்கள். அங்கிருக்கும் பாலத்தை நடந்து தாண்டினால் ஜெர்மனி, பெர்ல் என்கிற ஊர். அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் பிரான்ஸ். எல்லையில் சில சமயம் பார்ப்பார்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஒரே மத்தியானத்தில் மூன்று நாட்டு மண்ணை மிதித்துவிட்டு வந்தேன் என்று அப்பா டீக்கடையில் சொல்லட்டும். பாரிஸ் போய் வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விசாவுக்குப் பெயர் கொடுத்த கிராமத்தைப் பார்த்தவர் உங்கள் தெருவில் எத்தனை பேர்?

ஜூன் 22 ராத்திரி ஊரே தெருவில் இருக்கும், மறுநாள் அவர்களுடைய தேசிய தினம். அடால்ஃப் பாலத்தில் வாணவேடிக்கை. கூட்டத்துக்கு முன்பே ஒருநாள் சாயங்காலம் அந்தப் பாலத்தின் அடியில் தொங்கும் நடைபாதையில் அப்பாவைக் கூட்டிப் போங்கள். 1903-ல் கட்டி முடித்த கல் வளைவு, அந்தக் காலத்தில் அதைவிட அகலமான கல் வளைவு உலகத்தில் இல்லை. தலைக்கு மேலே அவருடைய டிராம் போகும்.

அந்த 4,500 யூரோவுக்கு ஒன்பது நாளும் அவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிறதைப் பார்ப்பார்கள். அதை உங்கள் வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். வட்டி இல்லாமல்.

மூன்றாவது நாளிலிருந்து அப்பா தனியாகப் போகட்டும். நாலாவது நாள் அவரே அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், நீங்கள் வேண்டாம் என்றாலும் நிற்கமாட்டார். ஆனால் முதல் நாள் நீங்கள் கூட இருக்க வேண்டும். கதவு திறந்ததும் பழக்க தோஷத்தில் கை சட்டைப்பைக்குப் போகும், டிக்கெட் எங்கே எடுக்கணும் என்று கேட்பார். இங்கே கண்டக்டரே கிடையாதுப்பா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் போனை நோண்டிக்கொண்டு நிற்காதீர்கள்.