'முன்னாள் பேராசிரியர்' என்று போடலாமா?

கேள்வி: எங்கள் ஆசிரியர் ஓய்வு பெற்றதும் பல்கலைக்கழகம் அவருக்கு எமரிட்டஸ் பட்டம் கொடுத்தது. கருத்தரங்க அழைப்பிதழில் 'முன்னாள் பேராசிரியர்' என்று போட்டுவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. எப்படிப் போட்டிருக்க வேண்டும்?

பதில்: அவர் முகம் வாடியதில் நியாயம் இருக்கிறது. 'முன்னாள்' என்றால் ஒரு காலத்தில் இருந்தார், இப்போது இல்லை என்று பொருள். எமரிட்டஸ் பட்டமோ, ஓய்வுக்குப் பின்னும் 'பேராசிரியர்' என்ற பெயரை வைத்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் கௌரவமாகத் தருவது; இன்றும் அவரிடம் இருப்பது. பணிக்காலத்தை நிறைவாக முடித்து விடைபெற்ற ரோமானியப் படைவீரர்களைக் குறித்த லத்தீன் சொல் அது. அப்படிப்பட்ட வீரர்களைக் குடியமர்த்த அகஸ்டஸ் கி.மு. 25இல் அமைத்த ஊர்தான் எமரிட்டா அகஸ்டா. இன்று ஸ்பெயினில் மெரிடா என்ற பெயரில் இருக்கிறது.

அழைப்பிதழில் இப்படிப் போடுங்கள்: முதலில் 'முனைவர்' என்று பெயர், அடுத்த வரியில் 'எமரிட்டஸ் பேராசிரியர், வேதியியல் துறை' (அவர் துறை எதுவோ அது), அதற்கடுத்து பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் பெயர். அந்தப் பெயரை விடவே கூடாது, ஏனென்றால் பட்டம் அந்த நிறுவனம் கொடுத்தது. அவர் துறைத்தலைவராகவும் இருந்திருந்தால், அதற்கு 'முன்னாள் துறைத்தலைவர்' என்பதுதான் சரி. அது பதவி, போய்விட்டது.

பேசும்போது இவ்வளவு வேண்டாம். மேடையில் அறிமுகம் செய்கையில் ஒரு முறை முழுதாகச் சொல்லுங்கள். அப்புறம் 'பேராசிரியர்' என்றாலே போதும். கடிதத்தில் விளிக்கும்போதும் அப்படியே. பெயருக்கு முன்னால் 'எமரிட்டஸ்' என்று மட்டும் ஒட்டுவது தவறு. பெண் பேராசிரியர் என்றால் 'எமரிட்டா' என்று எழுதும் வழக்கமும் உண்டு. அவருக்கு எது விருப்பம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சொல் போட ஆசைப்பட்டால் கொஞ்சம் கவனம் தேவை. எமரிட்டஸ் பேராசிரியரை 'தகைசால் பேராசிரியர்' என்று பலர் எழுதுகிறார்கள். 'மதிப்புறு பேராசிரியர்' (கௌரவப் பேராசிரியர்) வேறு. அந்த நிறுவனத்தில் வேலையே பார்க்காதவருக்கும் அதைக் கொடுப்பார்கள். அவருடைய ஆணைக் கடிதத்தில் என்ன சொல் இருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்வது நல்லது. ஓய்வு பெற்ற எல்லோருக்கும் இந்தப் பட்டம் தானாக வருவதில்லை. பட்டம் பெறாதவரை 'ஓய்வு பெற்ற பேராசிரியர்' என்றுதான் எழுத வேண்டும், அதில் குறைவு ஏதுமில்லை.

அழைப்பிதழ் போனது போகட்டும். மேசைமேல் வைக்கும் பெயர்ப்பலகையையும் அறிமுக உரையையும் இப்போதே திருத்திவிடுங்கள். கட்டுரைத் தொகுப்பு அச்சுக்குப் போகும் முன் அவர் பெயரும் பட்டமும் வரும் வரிகளை அவரிடமே ஒரு முறை காட்டிவிடுங்கள்.