பதில்: அறை நண்பர்களின் கிண்டலுக்கு என்ன சொல்வது?

தம்பி, கொடைக்கானலில் உடன் தங்கியிருக்கும் நண்பர்கள் ‘பி.எஸ்சி. படிச்சுட்டு இன்னும் ஜெபமா?’ என்று சீண்டுகிறார்கள், பேச்சு சண்டையில் முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். இயேசு என்று ஒருவர் இருந்தாரா என்பது வரலாற்றுக் கேள்வி. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாது. அவரே, யூதேயாவின் ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்து காலத்தில் கிறிஸ்துவுக்கு மரண தண்டனை கிடைத்ததை எழுதியிருக்கிறார். உயிர்த்தெழுந்தாரா என்பது வேறு. அதற்கும் டாசிட்டஸை இழுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

அறிவியல் என்று வந்தால் லெமேத்ரைச் சொல்லுங்கள். பேரண்டம் விரிகிறது என்று 1927-ல் கட்டுரை எழுதிய பெல்ஜியத்துக்காரர், கத்தோலிக்கக் குரு. ஆனால் தன் கோட்பாட்டைக் கடவுளுக்குச் சான்றாக்குவதை அவர் விரும்பவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், மதிப்பு கூடும். அப்புறம், பக்கத்திலேயே செண்பகனூர் அருங்காட்சியகம் இருக்கிறதே! கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும் பறவை, பாம்பு, பூச்சியெல்லாம் கத்தோலிக்கத் துறவற சபையான இயேசு சபையினர் சேர்த்தவை. திறந்திருக்கும் நாள் பார்த்து நண்பர்களையும் கூட்டிப் போங்கள்.

நல்லவர்களுக்கு ஏன் துன்பம் என்று கேட்டால் மட்டும் அவசரப்படாதீர்கள். மூஞ்சிக்கல் டீக்கடையில் ஒருவர் அப்படிக் கேட்டபோது நான் பைபிளில் துன்பப்பட்ட நல்லவரான யோபுவில் தொடங்கி அரை மணி நேரம் பேசினேன். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அவர் மகளை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.